மின்சார ஆட்டோவில் ஒரு ஜல்லிக் கூடை

போடியிலிருந்து குரங்கணிக்கு மின்சார ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை, காலடியில் எப்போதும் ஒரு ஜல்லிக் கூடை. வழியில் ஒரு வளைவில் பெரிய பள்ளம் உண்டு. அங்கே நிறுத்தி, ஆள் மட்டும் என்றால் ஒரு கை ஜல்லி போடுவார். ஏலக்காய் மூட்டை இருந்தால் இரண்டு கை.

அன்று நான் ஒருவன்தான் பயணி. ஒரு கை போட்டுவிட்டு ஏறினார்.

“எதுக்குண்ணே இந்தச் சோலி?” என்றேன்.

“ஜீப்புக்காரன் டீசல் போடுறப்பவே ரோட்டுக்கு வரி கட்டிர்றான். நான் வீட்டுல சார்ஜு போட்டுட்டு வர்றேன். ரெண்டு பேரும் தேய்க்கிறது ஒரே ரோட்டத்தான சார்?”

“அப்ப உங்களுக்கும் வரி போடச் சொல்றீங்களா?”

“போடட்டும். ஓடுற தூரத்தயும் ஏத்துற எடயயும் பாத்துப் போடட்டும். கடைக்குப் போயிட்டு வர்ற ஸ்கூட்டிக்கும் எனக்கும் ஒரே வரின்னா அது நியாயமில்ல. அது வர்ற வரைக்கும் இது.”

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து, தினமும் இதைப் பார்த்துப் பழகிய ஓட்டுநரின் குரல்: “அண்ணே, வரி கட்டியாச்சுன்னா வெரசா நகருங்க!”

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

போன மாதம் நானும் மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். “பெட்ரோல் செலவே இல்லை” என்று யாரிடமாவது பெருமையடிக்கும்போதெல்லாம், பள்ளத்தில் ஜல்லி விழும் சத்தம் கேட்கிறது.