குழாய்த் தண்ணி ரொப்ப மாட்டேன்னு சொன்னதுக்கு

சபையில எழுந்து பேசிப் பழக்கமில்லாதவ நான். ஆனா கர்த்தர் எனக்குச் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியல.

ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைங்கள்ல இருந்து வெளிய வர்ற தண்ணிய பாட்டில்ல பிடிச்சு சோதனைக்கு அனுப்புற அரசு ஆபீஸ்ல வேலை பார்த்தேன். ஒரு நாள் ஜீப்ல போறப்ப எங்க அதிகாரி, "இந்தக் கம்பெனிக்கு மட்டும் கழிவுத் தண்ணிக்குப் பதிலா குழாய்த் தண்ணிய ரொப்பி அனுப்பும்மா"ன்னார். அந்தக் கம்பெனி கால்வாய் ஓரத்துக் கிணத்துத் தண்ணியத்தான் எங்கக்கா வீட்ல பொழங்குறாங்க. மாட்டேன்னுட்டேன். மேலிடத்துக்கும் சொல்லிட்டேன். கொஞ்ச நாள்லயே, ஒழுங்கீனம்னு சொல்லி என்னை வேலைய விட்டு எடுத்துட்டாங்க.

வேலைய விட்டு எடுத்ததை எதிர்த்து அதிகாரி மேல வழக்கு போட்டேன். அவரோட வக்கீல், "இவர் செஞ்சது அரசுக் கடமை. அரசு அனுமதி இல்லாம இவர் மேல வழக்கே போட முடியாது"ன்னார். கோர்ட் அதை ஏத்துக்கிச்சு. நான் சொன்னது நெசமா பொய்யான்னு விசாரிக்காமலே முடிச்சுட்டாங்க. அப்பீல் போட்டேன், ஆனா நம்பிக்கையில்ல. சாப்பாடு இறங்கல. பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியல. முழங்கால் போட்டு, "ஆண்டவரே, நான் சொன்னது நெசம்னு சொல்ல ஒருத்தரைக் குடுங்க"ன்னு மட்டும் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, சர்ச் கேட்டாண்ட எங்க ஆபீஸ் ஜீப் ஓட்டின பாய் நிக்கறார். மேல்விஷாரத்துக்காரர், இப்ப ரிட்டயராயிட்டார். அன்னிக்கு அதிகாரி சொன்னது அவர் காதுலயும் விழுந்துச்சு. முன்ன நான் சாட்சிக்குக் கூப்பிட்டப்ப, பென்ஷனை நிறுத்திடுவாங்கன்னு பயந்து மறுத்தவர்.

"இன்னாம்மா பண்றது, தொழுகையில நின்னா உன் நெனப்பாவே இருக்கு. பேஜாராப் போச்சு. நான் வந்து சொல்றேன்"ன்னார்.

"பென்ஷன், பாய்?"

"அல்லா பாத்துப்பான்."

சொன்ன மாதிரியே கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்தார். அப்பீல்ல நீதிபதியம்மா அந்த வக்கீலைக் கேட்டாங்க: "குழாய்த் தண்ணி ரொப்பச் சொல்றதும் அரசுக் கடமையா?" அந்தச் சட்டப் பாதுகாப்பு இதுக்குப் பொருந்தாது, வழக்கு நடக்கணும்னு தீர்ப்பாச்சு. வேலைநீக்கத்தையும் நிறுத்தி வச்சாங்க. கோர்ட் வராண்டாவுலயே உக்காந்து அழுதேன். பாய் பக்கத்துலயே நின்னார்.

வழக்கு இன்னும் முடியல. ஆனா பயம் முடிஞ்சு போச்சு. அதே ஆபீஸுக்கு வேலைக்குப் போறேன், நல்லாத் தூங்கறேன். முன்ன எங்க குடும்பத்துக்காக மட்டும் ஜெபிப்பேன். இப்ப பாய் வீட்டார் பேரையும் சொல்லித்தான் முடிக்கிறேன். எனக்காகப் பேச யாருமில்லன்னு உக்காந்திருக்கறவங்க, தயங்காம ஆண்டவர்கிட்ட கேளுங்க. யாரை அனுப்பணும்னு அவருக்குத் தெரியும்.