ஃப்ரிட்ஜுக்குப் போட்ட மங்கி குல்லா

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதத்தில், கொல்கத்தா கார்டன் ரீச்சில் ஆற்றை ஒட்டிய ஒரு காலி மனையில் நடந்தது இது. அந்த மனையில் ஒரு வேன் நின்றது. வேனுக்குள் நானும் என் கணவரும் இருந்தோம்.

ஐ.டி. வேலையில் இருக்கும் என் தம்பி, பழைய வேன் ஒன்றை வாங்கி, லீவு நாட்களையெல்லாம் அதற்கே கொடுத்து, அதை வீடாக மாற்றியிருந்தான். கட்டில், அலமாரி, கை கழுவத் தொட்டி, எல்லாம் உண்டு. அவனுக்குப் பெருமை ஃப்ரிட்ஜில்தான். யாரோ வெளிநாட்டுக்காரர்களின் மோட்டார் ஹோமிலிருந்து கழற்றியது. அதற்குக் கரன்ட் வேண்டாம். முதுகுப் பக்கம், அடியில், விரல் நீளத்துக்கு ஒரு கேஸ் பர்னர் எரியும். அந்தச் சூட்டில்தான் உள்ளே குளிரும். எப்படி என்று தம்பி மூன்று முறை விளக்கினான். நான் மூன்று முறையும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை பக்காலி கடற்கரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். அதற்கு முன் ஒரு பகல் உள்ளேயே இருந்து பாருங்கள், என்ன குறை என்று சொல்லுங்கள் என்று எங்களை விட்டுவிட்டு, வண்டிக் காகித வேலையாக அலிப்பூருக்குப் போய்விட்டான். போகும்போது சொன்னான்: "அக்கா, அந்த பர்னரை மட்டும் அணைச்சிராத. திருப்பிப் பத்தவைக்க நான்தான் வரணும். உள்ள அத்தானோட இன்சுலின் இருக்கு, ஞாபகம் வச்சிக்கோ."

அவன் போன பத்தாவது நிமிடம் குறை தெரிந்துவிட்டது. சத்தம். கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் காதோரம் தூக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி ஓர் இரைச்சல். ஓயாத ஸ்ஸ். நடுநடுவே ஒரு 'பட்'. பிறகு மறுபடி ஸ்ஸ். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலை மூடினேன், திறந்தேன், வெளியே போய் வேனைச் சுற்றினேன், உள்ளே வந்தேன். ஆற்றில் படகுகள் போய்க்கொண்டிருந்தன. பார்க்க முடியவில்லை. ஒரு சத்தம் காதில் இருந்தால் கண்ணும் வேலை செய்யாது எனக்கு.

கணவர் பேப்பரை மடக்கினார். "உனக்கு எந்தச் சத்தந்தான் ஆகும்? நம்ம கல்யாணத்துல நாதஸ்வரக்காரரையே கொஞ்சம் மெதுவா ஊதச் சொன்னவ நீ."

"அவர் ஊதினது அப்படி."

"நான் குறட்டை விடறேனே, அதுக்கு என்ன பண்ணப் போற?"

"அதுக்கும் ஒரு வழி பண்றேன், இருங்க."

பதினொரு மணி இருக்கும். கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவர் ஒருவர் சைக்கிளில் கூவிக்கொண்டு வந்தார். கொல்கத்தாவில் எல்லாத் தெருவிலும் கேட்கிற குரல்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், ஹேண்டில்பாரில் பிரஷ்களும் கம்பிகளும் தொங்கும் பை. வேனைத் தாண்டிப் போனவர் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வங்காளத்தில், "பௌதி, உள்ள எந்த அடுப்பு இப்படிக் கத்துது?" என்றார். பௌதி என்றால் அண்ணி. இங்கே முகம் தெரியாதவரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அடுப்பு இல்ல. ஃப்ரிட்ஜ்."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குளிர்ப்பெட்டிக்குள்ள நெருப்பா! மதராஸிங்க நீங்க எதுவும் செய்வீங்க." சிரிப்பு அடங்கியதும், "அந்த நெருப்புக்கு உடம்பு சரியில்ல பௌதி. ஒரு தடவை பார்த்துடட்டுமா?" என்றார்.

பார்க்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சிரிப்பு சுட்டுவிட்டது. வேண்டாம், தம்பி வந்து பார்த்துக்கொள்வான் என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

மதியம் சாப்பிட்டதும் கணவர் படுத்தார். குளிர் என்று ஜன்னல்களை அடைத்துக்கொண்டார். இரண்டே நிமிடத்தில் குறட்டை. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ். நான் வெளியே ஓடினேன். வேனின் வெளிச்சுவரில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் கம்பி போட்ட இரண்டு ஓட்டைகள். சத்தம் அந்த வழியாகத்தான் வருகிறது என்று பட்டது. கணவரின் மங்கி குல்லாவை எடுத்துவந்து கீழே இருந்ததில் திணித்தேன். மேலே இருந்ததற்கு என் சால்வை.

இரைச்சல் இறங்கியது. தொண்டை கட்டியவர் பேச்சு மாதிரி ஆகி, பிறகு காற்றோடு காற்றாகிவிட்டது. குறட்டை மட்டும் பாக்கி. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நிசப்தம் வந்ததும் உட்கார்ந்தேனா? இல்லை. சத்தத்தில் உட்கார முடியாதவளுக்கு அது போன பிறகும் உட்கார முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஆற்றோரமாக நடந்தேன். கிரேன்கள், துரு, ஈரக் கயிற்று வாசனை. போய்த் திரும்புவதற்குள் முக்கால் மணி நேரம். மனைக்குத் திரும்பும் முனையில் டீக்கடை. அங்கே அதே அடுப்புக்காரர் மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பௌதி, காலைல இங்க வரைக்கும் கேட்டுது, இப்ப சத்தத்தையே காணோம்? யாரு சரி பண்ணது?"

"நான்தான்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "வெளிய இருந்த கம்பி ஓட்டை ரெண்டையும் துணி வச்சு அடைச்சிட்டேன்."

அவர் முகம் மாறியது. "அணைக்காமலா?"

"அணைக்கக் கூடாதாம்."

"தாதா எங்க?" தாதா என்றால் அண்ணன்; என் கணவரைத்தான் கேட்டார்.

"உள்ள தூங்கறார்."

குவளை கீழே விழுந்து உடைந்தது. சைக்கிளை விட்டுவிட்டு ஓடினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கால்கள் பின்னாலேயே ஓடின. அவர் குல்லாவையும் சால்வையையும் பிடுங்கி எறிந்தார், சிலிண்டரை மூடினார், கதவை இழுத்துத் திறந்தார். "கூப்பிடுங்க பௌதி, சத்தமா!"

உள்ளே குறட்டை இல்லை.

இருபத்தைந்து வருடமாக நான் திட்டித் தீர்த்த அந்தச் சத்தம் இல்லை. கூப்பிட்டேன். கத்தினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன், தலை என் கையோடு சாய்ந்தது. நான் கால்களைப் பிடிக்க, அடுப்புக்காரர் தோள்களைப் பிடிக்க, இருவருமாக இழுத்து வந்து புல்லில் போட்டோம். ஆற்றுக் காற்று கணவர் மீது அடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு முனகல். பிறகு வாந்தி. கண்ணைத் திறந்து, "தலை வெடிக்குதே... டீ நேரம் ஆயிடுச்சா?" என்றார். நான் அழுதேன்.

டீக்கடைக்காரர் பிடித்துவந்த ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஆக்சிஜன் வைத்தார்கள். காற்றுக்கு வழியில்லாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்குமாம். வாசனை தெரியாத விஷம். தம்பி ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கம் அடைக்காமல் விட்டிருந்த சந்து வழியாக அது நேரே கட்டிலுக்கு வந்திருக்கிறது. "இன்னும் அரை மணி தாமதிச்சிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து கணவர் வீடு திரும்பியதும், தம்பி அந்த அடுப்புக்காரரைத் தேடிப் பிடித்து வேனுக்கு அழைத்துப் போனான். நானும் போனேன். அவர் பர்னரைக் கழற்றி என் உள்ளங்கையில் தட்டினார். புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருச் செதில்கள், ஒரு சிட்டிகை. "இது மேல விழுந்து கிடந்தா நெருப்பு எப்படி ஒழுங்கா எரியும்? அதான் கத்திச்சு, பாவம்." பிரஷால் துடைத்துப் பொருத்திப் பற்றவைத்தார். நீலமாக, குனிந்து கேட்டால்தான் கேட்கும்படி, எரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நல்லவேளை, டீயை மெதுவா குடிக்கிறவன் நான்," என்றார். அன்று சிரித்த அதே சிரிப்பு. இந்த முறை சுடவில்லை.

இப்போதும் நான் ஓரிடத்தில் உட்காருகிறவள் இல்லை. மோட்டார் முனகினாலோ மின்விசிறி கிறீச்சிட்டாலோ முதலில் பக்கத்தில் போய்க் காது கொடுக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் பவானிபூர் தெருவில் கேஸ் அடுப்புக்காரர் குரல் போனால், அவர் இல்லை என்று தெரிந்தாலும் பால்கனிக்கு வருகிறேன். பக்கத்து அறையில் குறட்டை ஒரு கணம் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். என் கையாலேயே நான் உண்டாக்கிக்கொண்ட அந்த முக்கால் மணி நேர நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எந்தச் சத்தத்துக்கும் அந்த அளவு நான் பயந்ததில்லை.