பதினேழு அங்குல நாற்காலி

"செருப்பைக் கழட்டிட்டு நேரா நில்லு" என்று சொல்லி, வந்திருக்கும் பழைய தோழியின் முழங்காலிலிருந்து குதிகால் வரை நாடாவால் அளக்கிறார் நாற்காலிக்காரம்மா. பதினாறரை அங்குலம். அவளுக்காகப் பின்னப்போகும் நாற்காலியின் உயரமும் அதேதான். இன்னொருத்தி உட்கார்ந்தால் கால் தொங்கும், அல்லது முட்டி இடிக்கும்.

இருவரும் ஒரே துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர்கள். அங்கே நாற்காலிகள் உண்டு, துணி வாங்க வருபவர்களுக்கு. விற்கும் பெண்கள் அலமாரியில் சாய்ந்தாலே மேற்பார்வையாளர் தொண்டையைக் கனைப்பார். இப்போது அதே கடை கழித்துப்போடும் துணி ஓரங்களை அம்மா கயிறாகத் திரித்து, கூட நின்றவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி பின்னுகிறார். நின்ற வருடத்துக்கு ஒன்றாக முதுகுப்புறத்தில் முடிச்சுகள்.

இவர் மட்டும் உட்காருவதில்லை. நாற்காலியை மேசைமேல் ஏற்றிவைத்து நின்றபடியே பின்னுகிறார். ஒரு குதிகால் சற்றுத் தூக்கியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கால் மாறும்.

"ஊரையே உட்கார வைக்கிறா. இவளுக்குச் சோறுகூட நின்னாத்தான் எறங்கும்" என்கிறார் கணவர், முதன்முதலில் பின்னிய நாற்காலியிலிருந்து.

"உட்கார்ந்தா எனக்குக் கை ஓடாது. அதான் நீங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து உட்கார்றீங்களே."

போன வாரம் யாரோ கண்காட்சிக்காரர்கள் வந்து, பின்னி முடித்திருந்த பதினேழு அங்குல நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கடை முதலாளிங்கல்லாம் வருவாங்களாம். ஒருத்தி உட்கார்ந்திருக்கிறதைக் கண்ணால பார்த்தா, அவங்க கடையிலயும் ரெண்டு போட மாட்டாங்களா?"

அம்மா போய்ப் பார்த்தால் நாற்காலி மேடைமேல். சுற்றிலும் கயிறு. 'உட்காராதீர்கள்' என்று அட்டை. பக்கத்தில், காலையிலிருந்து நின்றுகொண்டு ஒரு காவல்காரப் பெண்.

"கலைப்பொருள்மா. உட்கார்ந்தா வீணாப்போயிடும்" என்றார் பொறுப்பாளர்.

"உட்காரலைன்னாதான் சார் வீண்."

யோசித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவர் மெல்ல நழுவினார். அம்மா காவல்காரப் பெண்ணின் காலைப் பார்த்தார். நாடாவை எடுக்கவில்லை.

"உனக்குப் பதினேழு சரியா இருக்கும். வா கண்ணு."

"நான் உட்கார்ந்தா இதை யாருக்கா பார்த்துக்கிறது?"

"அதுக்கு நிக்கிற ஆள்தானே வேணும்? கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

கயிற்றைக் கழற்றி, அவளைக் கைபிடித்து உட்கார வைத்தார். பிறகு அவள் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டார், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, இடது குதிகாலை லேசாகத் தூக்கியபடி.