சத்தம் வராத குழல்

நான் புலம்பெயர்ந்து வந்து கிரெய்கிபர்னில் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு ஒரு பின்னேரம் தமிழன் ஒருவன் இரும்புக் குழாயோடு வந்தான்.

“அண்ணை, இது பம்ப் சாமான். பக்கவாட்டில இருக்கிற துளையைக் கொஞ்சம் பெருப்பிச்சுத் தாங்கோ.”

அண்ணை என்று கூப்பிட்டவனிடம் மேற்கொண்டு கேட்க எனக்கு மனம் வரவில்லை. ட்ரில் மெஷினில் இறுக்கும்போதுதான் குழாயின் உட்புறத்தில் சுருண்டோடும் வரிகளைக் கண்டேன். அது கட்டையாக வெட்டிய துப்பாக்கிக் குழல்.

கையை எடுத்தேன். அவன் வாசலை மறித்து நின்றான்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. சைலன்சர் பூட்டத்தான் அந்தத் துளை. பூட்டினா வெடிச்சத்தமே வராது.”

“நான் பொலிசுக்கு அடிக்கப்போறன்” என்று போனை எடுத்தேன். அவன் குழலை விட்டுவிட்டு ஓடினான்.

வன்னியில் வெடிச்சத்தம் கேட்டுக் குப்புற விழுந்ததால்தான் நான் இன்று உயிரோடு இருக்கிறேன். இன்னொருவருக்கு அந்தச் சத்தமும் கேட்காமல் செய்யத்தான் அந்தத் துளையைப் பெரிதாக்க இருந்தேன்.