வடை மணத்த லொறி

எனக்கும் என் சகலைக்கும் ஒரே தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. லிந்துலைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் கொழுந்து ஏற்ற இரண்டு பழைய லொறிகள் இருந்தன. ஒன்றை நான் ஓட்டினேன், மற்றதை அவர் ஓட்டினார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிட ஏழு வயது இளையவர். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவையும் சொல்லிக் கொடுத்தவன் நான். அப்போதெல்லாம் எனக்கு அவர்மேல் ஒரு குறையும் கிடையாது.

இலங்கை முழுவதும் டீசலுக்கு வரிசையில் நின்ற வருடம் எல்லாம் மாறிப்போனது.

தலவாக்கலை எண்ணெய் செட்டில் டீசலுக்காக என் லொறி மூன்றாவது நாளாக நின்றுகொண்டிருந்தது. மத்தியான வெயிலில், வாகன வரிசையை ஒட்டி ஒரு லொறி கொழுந்து மூட்டைகளோடு உறுமிக்கொண்டு போனது. சகலையின் லொறிதான். என்னைப் பார்த்து ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினார். அது போன பிறகு தெருவெல்லாம் வடை சுடுகிற வாசம். எனக்கு முன்னால் நின்ற வேன்காரர், "எந்தக் கடையில பலகாரம் போடுறாங்க?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அட்டனில் ஒருவர் ஹோட்டல்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, மருந்து கலந்து, கழுவி, பயோடீசல் செய்துகொண்டிருந்தாராம். சகலை அவரைத் தேடிப் பிடித்து, கிடைக்கிற டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டத் தொடங்கியிருந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. அன்று பின்னேரம் நான் டீசலோடு திரும்பியதும் என்னிடமே வந்து கேட்டார்.

"அண்ணே, ஒங்களுக்கும் ரெண்டு கேன் சொல்லி வைக்கவா?"

"எண்ணச் சட்டியில கெடந்தத என் இஞ்சினுக்கு ஊத்த மாட்டேன்" என்றேன்.

அடுத்த நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால், தோட்டத்துத் தொரை சகலையின் தோளில் தட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் மனைவி தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, "தங்கச்சி வீட்டுக்காரருக்கு நல்ல மூளைங்க" என்றாள். அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தேத்தண்ணி எனக்கு இறங்கவில்லை.

நான் டவுனில் இருக்கிற சிங்கள பாஸிடம் போனேன். எங்கள் இரண்டு லொறிகளுக்கும் அவர்தான் மெக்கானிக். "இந்தப் பயோடீசல் போட்டா என்னென்ன கெட்டுப்போகும், பாஸுன்னே?" என்று கேட்டேன். அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார். பழைய டாங்கியில் வருடக்கணக்காக ஒட்டியிருக்கிற கசடை அது கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைக்கும். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிரில் உறையும். பழைய ரப்பர் பைப்புகளை ஊறவைத்துக் கெடுக்கும். பரிசு வாங்கியவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். சகலையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாஸ் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. முதலில் பில்டர். லொறி ஏற்றத்தில் இழுக்காமல் திணறியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புக் களி. சகலை அதை மாற்றிவிட்டு, போகிற இடத்துக்கெல்லாம் ஒரு பில்டரைக் கையோடு கொண்டு போனார். தை மாதம் தேயிலைச் செடிகள்மேல் உறைபனி உப்புத் தூவியது போல் கிடந்த ஒரு காலையில் லொறி கிளம்பவே இல்லை. நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். எண்ணெய் நெய் போல் கட்டியிருந்தது. அவர் கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து டாங்கிமேல் ஊற்றினார். எனக்குள்ளே இருந்த குதூகலத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் லொறி கிளம்பிவிட்டது. சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் இரண்டு லொறிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்தபோது அவருடைய லொறியின் அடியைப் பார்த்தேன். டாங்கியிலிருந்து பம்புக்குப் போகிற ரப்பர் பைப் இரத்தம் குடித்த அட்டை மாதிரி உப்பியிருந்தது. அதன் நுனியில் எண்ணெய் சொட்டியது. எண்ணெய் கசிகிற வழியில் காற்றும் நுழையும், காற்று நுழைந்தால் இஞ்சின் நின்றுவிடும். டிரைவர் வேலை பார்க்கிற யாருக்கும் தெரிந்த விஷயம் அது. நான் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு என் லொறியில் ஏறிவிட்டேன். வழியில் நிற்கட்டும், கொஞ்சம் அவமானப்படட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நான் நினைக்கவில்லை.

அன்று பின்னேரம் மேல்மலையில் கொழுந்து பறித்த எட்டுப் பெண்கள் அவருடைய லொறியில் ஏறி வந்தார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. கோயில் ஏற்றத்தில் இஞ்சின் நின்றது. இஞ்சின் நின்றதும் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகி, எவ்வளவு மிதித்தும் பிடிக்கவில்லை. கை பிரேக்கும் பிடிக்கவில்லை. லொறி பின்னால் உருண்டது. சகலை ஸ்டியரிங்கை ஒடித்து, பள்ளத்துப் பக்கம் போகாமல், மண்மேட்டில் கொண்டுபோய் இடித்து நிறுத்தினார்.

நான் ஓடிப் போனபோது பெண்கள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். என் மனைவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எலும்பு முறிந்திருந்தது. வேறு யாருக்கும் பெரிய காயம் இல்லை. சகலை லொறிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"பைப்புதான் அண்ணே. காலையிலயே ஒழுகியிருக்கும். நான் பாக்காம விட்டுட்டேன். அக்கா கைய ஒடைச்சிட்டேனே."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "சரி விடுங்க தம்பி, நடந்தது நடந்துபோச்சு" என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன்.

ஒரு வாரம் அவர் தினமும் வந்து என் மனைவிக்குத் தண்ணீர் தூக்கி வைத்தார். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார். எட்டாவது நாள் எனக்குத் தாங்கவில்லை. அவரைத் தண்ணிப் பீலிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னேன். பாஸிடம் போய்க் கேட்டதைச் சொன்னேன், விபத்து நடந்த அன்று காலையில் பைப்பைப் பார்த்ததையும் சொன்னேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நீங்க வந்து கேட்டுட்டுப் போனத பாஸ் அன்னைக்கே சொன்னாரு. வந்து என்கிட்ட சொல்லுவீங்கன்னு இருந்தேன். பைப்பு விஷயம் தெரியாது." வாளியைப் பீலித் தண்ணீருக்குக் கீழே தள்ளினார். பிறகு, "அக்காகிட்ட சொல்லாதீங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

டீசல் ஒழுங்காக வரத் தொடங்கியபோது அந்தப் பழைய லொறியின் பம்ப் முழுதாகப் போய்விட்டிருந்தது. தோட்டத்துக்குப் புது லொறி ஒன்று வந்தது. மூப்புப்படி அது எனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். தொரை சாவியை அவரிடம் கொடுத்தார். எட்டுப் பெண்களைக் காப்பாற்றிய டிரைவர் அல்லவா?

அன்று அவர் என் வாசலில் லொறியை நிறுத்தி, "ஒரு சுத்து ஓட்டிப் பாருங்கண்ணே" என்றார். பெக்டரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. சாவியைத் திருப்பிக் கொடுத்து, "பரவாயில்ல" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. நல்ல லொறி அது.