கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக இருந்தேன். தாய்மார் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போனதும் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் ஒரே மகன் காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் அழவில்லை. வேலைக்கு வரச் சொன்னார்கள், வந்தேன்.

கொட்டகையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று கடலை மிட்டாய் தின்று, உதடு வீங்கி மூச்சிழுத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்.

"இதுக்குக் கடலை ஒத்துக்காது. கண்ணுலயே காட்டாதீங்க," என்றார்.

பிறகு மற்றப் பிள்ளைகள் மிட்டாய் தின்றால் அது கையை நீட்டி அழுதது. அதனால் எல்லோருக்குமே மிட்டாயை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் தவழும் இடத்தில் அடுப்பு மூட்ட முடியாது. அதனால் மிட்டாய்க்குப் பதிலாக அவலை நனைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் குலா மலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரையைச் சீவியதும் பிசைந்து உருண்டை பிடித்தேன்.

மத்தியானம் அந்தக் குழந்தையின் தாய் வந்தாள்.

"என்னக்கா குடுக்குறீங்க?"

"அவலு, தேங்கா, குலா மலாக்கா. கடலை இல்ல."

அவள் ஒன்றைப் பிட்டு முகர்ந்துவிட்டுப் பிள்ளைக்கு ஊட்டினாள். வெகுநேரம் இருவரும் அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை இன்னொன்று கேட்டது.

தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் காத்திருந்தன. மிச்ச அவலையும் உருட்டிக் கொடுத்தேன். அந்தக் குழந்தை கொட்டகையை விட்டுப் போகும்வரை அதையே செய்து கொடுத்தேன்.