சாமியாகிப்போன கடுக்காய் மரம்

அரூரிலிருந்து சித்தேரிக்கு ஏறும் பஸ்ஸில் அன்று எனக்கு நிம்மதியாக உட்காரவே முடியவில்லை. வளைவுகளால் அல்ல, அவை பழகிப்போனவை. காலையில் மலையூர் பூசாரி போன் செய்து, "டீச்சரம்மா, ஒங்க மரத்த ஜோரா பண்ணி வெச்சிருக்கோம், வந்து பாருங்க" என்றிருந்தார். அந்த 'ஜோரா'தான் என்னை அரித்தது. மரத்தில் ஜோராக்க என்ன இருக்கிறது?

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். லீவு நாளில் காட்டுக்குப் போய் மரப்பட்டையை முறைத்துக்கொண்டு நிற்பேன். "கிறுக்கு முத்திப்போச்சு" என்பார் வீட்டுக்காரர். நான் தேடுவது லைக்கன். குருமாவுக்குப் போடும் கல்பாசிக்குப் பங்காளி என்றால்தான் யாருக்கும் புரிகிறது. மலை ரோட்டோரத்தில் ஒரு கிழட்டுக் கடுக்காய் மரத்தில் மட்டும், ஓரம் மஞ்சளாக ஒரு வகை ஒட்டியிருந்தது. இந்த மலையில் வேறெங்கும் அதை நான் பார்த்ததில்லை. முதிர்ந்த பட்டையில்தான் பிடிக்கும். பிடித்தாலும் வளர்வதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும்.

ரோட்டில் விழக்கூடிய பழைய மரங்களை வெட்ட, வனத்துறை ஆட்கள் நம்பர் போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தூக்கமே போயிற்று. பூசாரியிடம் ஓடினேன். "அண்ணா, அது உங்க சாமி மரம்னு சொல்லிடுங்க. அப்புறம் எவனும் கோடாலி வைக்க மாட்டான்." அவரும் சரியென்று தலையாட்டினார். மரத்துக்கு நம்பர் விழவில்லை. அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது. அடிமரம் முழுக்கச் சுண்ணாம்பும் காவியுமாகக் கோடு கோடாகப் பூசியிருந்தார்கள். பூசாரி நின்றிருந்த மரத்தடிக்கு ஓடினேன். வேரடியில் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக ஏதோ கொட்டிக் கிடந்தது. என்னவென்று குனிந்து பார்க்கவே பயமாக இருந்தது.

"பாசி மண்டிக் கெடந்துச்சுங்க. சாமி ஒடம்புல அழுக்கு இருக்கலாங்களா? சொரண்டிக் கழுவி எடுத்துட்டோம்" என்றார் பூசாரி, முகமெல்லாம் பெருமையாக.

அடப்பாவி மனுஷா! அண்ணாந்து பார்த்தேன். முதல் கிளை பிரியும் இடத்தில், கைக்கு எட்டாத உயரத்தில், மஞ்சள் ஓரத்தோடு ஒரே ஒரு திட்டு மிச்சம் இருந்தது. என் கண் போன இடத்துக்கு அவர் கண்ணும் போனது.

"அட, அங்க வுட்டுப்போச்சே! ஏணி வூட்லதான் இருக்குது, இருங்க எடுத்தாரேன்."

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். லைக்கன், பட்டை, ஆராய்ச்சி என்று விளக்கி முடிப்பதற்குள் ஏணி வந்துவிடும் என்ற பயம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அதுதாங்க சாமியே. அதுல கை வெச்சா தெய்வக் குத்தமாயிடும்."

பூசாரியின் முகம் வெளுத்துப்போனது. கீழே கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார். மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"எம் பேத்திங்கதான் டீச்சரம்மா சொரண்டுச்சுங்க. சின்னப் புள்ளைங்க. அதுங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

"ஒண்ணும் ஆகாதுங்க. சும்மா சொன்னேன், சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் நம்பவில்லை.